ஐம்பது சதவீத ஸ்காலர்ஷிப்: எதில் ஐம்பது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பெற்றோரின் போன் ஓயாது. "உங்க பொண்ணோட மார்க்குக்கு அம்பது பர்சென்ட் ஸ்காலர்ஷிப் அலாட் ஆகியிருக்கு சார். வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டிட்டா சீட் கன்ஃபர்ம்." கேட்கும்போதே வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும். இரண்டு நாளில் இன்னொரு பல்கலைக்கழகம் அழைக்கும், அங்கே 75 சதவீதம் என்பார்கள். மூன்றாவது ஒன்று நுழைவுத் தேர்வு ரேங்க்கைப் பார்த்து "ஒரு லட்சம் தள்ளுபடி" என்று கடிதமே அனுப்பிவிடும். அரசு நடத்தும் கலந்தாய்வான கவுன்சிலிங்கில் கிடைக்கக்கூடிய சீட் மட்டும் எந்த ஸ்காலர்ஷிப்பும் இல்லாமல் ஓரமாக நிற்கும். வீட்டில் எல்லோரும் சதவீதத்தை வைத்தே பேச ஆரம்பித்துவிடுவார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

சதவீதத்தால் கல்லூரிகளை ஒப்பிடவே முடியாது. ஒப்பிட வேண்டியது ஒரே ஒரு எண்ணை: சேரும் நாளிலிருந்து பட்டம் வாங்கும் நாள்வரை, நாலு வருடத்தில், உங்கள் கையை விட்டு மொத்தமாக எவ்வளவு போகிறது. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு தாள் எடுத்து அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். தமிழ்நாட்டில் பி.இ., பி.டெக். சேர்க்கையை வைத்து அதை எப்படிப் போடுவது என்று எழுதுகிறேன். மற்ற படிப்புகளுக்கும் முறை இதேதான்.

முதல் கேள்வி: ஐம்பது சதவீதம் என்றால் எதில் ஐம்பது? தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் சலுகை பெரும்பாலும் டியூஷன் ஃபீஸில் மட்டும்தான். கட்ட வேண்டிய தொகையில் டியூஷன் என்பது ஒரு வரி. அதன் கீழே சேர்க்கைக் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஆய்வகம், நூலகம், சீருடை, பிளேஸ்மென்ட் பயிற்சி, மருத்துவக் காப்பீடு, காஷன் டெபாசிட் என்று அடுக்கிக்கொண்டே போகும். சில இடங்களில் டியூஷனைக் குறைவாகக் காட்டி மற்றதைப் பெரிதாக வைத்திருப்பார்கள். சில இடங்களில் நேர்மாறு: டியூஷனை உயரத்தில் வைத்துவிட்டு, விண்ணப்பிக்கிற பெரும்பாலானோருக்கும் ஏதோ ஒரு ஸ்காலர்ஷிப் கொடுப்பார்கள். தீபாவளித் துணிக்கடையில் விலைச் சீட்டை மாற்றி ஒட்டித் தள்ளுபடி தருவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்தால் உஷாராகும் நாம், பிள்ளை படிப்பு என்றதும் உஷாராவதில்லை.

இன்னொன்று, பிரிவுக்குப் பிரிவு டியூஷன் மாறும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஒன்று, சிவிலுக்கு ஒன்று. போனில் சொன்ன சதவீதம் எந்தப் பிரிவுக்கு, அந்தப் பிரிவின் முழு டியூஷன் எவ்வளவு என்று கேளுங்கள். "ஒரு லட்சம் தள்ளுபடி" என்று ரூபாயில் சொன்னால் அது ஒரு வருடத்துக்கா, நாலு வருடத்துக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். நாலு வருடத்துக்கும் சேர்த்து என்றால் ஆண்டுக்கு 25,000தான். அதையும் இன்னொரு கல்லூரி "ஆண்டுக்கு 50,000" என்பதையும் பக்கத்தில் வைத்தால், பாதிதான் என்றாலும் ஒரு லட்சமே பெரிதாகத் தெரியும்.

கவுன்சிலிங் பக்கம் நிலைமை வேறு. அங்கே விலைச் சீட்டை அரசின் குழு ஒட்டுகிறது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வைத்த அளவு இது: அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், என்பிஏ (தொழிற்படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் வாரியம்) அங்கீகாரம் பெற்ற பிரிவென்றால் 55,000. கல்லூரியே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு (மேனேஜ்மென்ட் கோட்டா) முறையே 85,000, 87,000. நீங்கள் சேரும் ஆண்டின் ஆணையை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்; எதெல்லாம் இந்தத் தொகைக்குள் அடக்கம் என்பதையும் அதிலேயே படித்துவிடுங்கள். ஏற்கெனவே அடங்கிய ஒன்றுக்குத் தனியாகப் பணம் கேட்டால் "ஆணையில் இது அடக்கமாச்சே" என்று சொல்ல அந்தத் தாள் உதவும். ஹாஸ்டலும் பஸ்ஸும் அதற்கு வெளியே. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் இந்த அளவுக்குக் கட்டுப்பட்டவை அல்ல, கவுன்சிலிங்கிலும் வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள எண்கள் எந்தக் கல்லூரியுடையவையும் அல்ல, முறையைக் காட்ட வைத்துக்கொண்டவை.

பல்கலைக்கழகம் ஒன்று பாதி டியூஷன் ஸ்காலர்ஷிப் தருகிறது. டியூஷன் 3,00,000, தள்ளுபடி போக 1,50,000. சலுகையில் வராத இதர கட்டணம் 30,000. ஹாஸ்டலும் மெஸ்ஸும் 1,20,000. ஆக ஆண்டுக்கு 3,00,000. சேரும்போது ஒரு முறை 25,000. நாலு வருடத்துக்கு 12,25,000.

இரண்டாவது, வீட்டிலிருந்து போய் வரும் தூரத்தில் கவுன்சிலிங் மூலம் ஒரு சுயநிதிக் கல்லூரி. கட்டணம் 55,000. அரசின் முதல் பட்டதாரி சலுகை (பின்னால் விளக்குகிறேன்) 25,000 என்று வைத்துக்கொண்டால் மீதம் 30,000. கல்லூரிப் பேருந்து 35,000. தேர்வு, சீருடை, பயிற்சி என்று 25,000. ஆண்டுக்கு 90,000, நாலு வருடத்துக்கு 3,60,000.

மூன்றாவது, வெளியூரில் அரசு பொறியியல் கல்லூரி. கட்டணமும் இதரமும் 40,000, ஹாஸ்டல் 60,000, ஊருக்கு வந்து போக 10,000. ஆண்டுக்கு 1,10,000, நாலு வருடத்துக்கு 4,40,000.

முதலாவதில் நாலு வருடத்தில் ஆறு லட்ச ரூபாய் ஸ்காலர்ஷிப் 'கிடைத்தது'. ஆனால் ஸ்காலர்ஷிப் என்ற சொல்லே இல்லாத மூன்றாவதைவிட 7,85,000 அதிகம் போகிறது. இரண்டாவதைவிட 8,65,000 அதிகம். அந்தப் பணத்துக்கு முதலாவது தகுமா என்பது வேறு கேள்வி, சில நேரம் தகும்; அதைக் கடைசியில் பார்ப்போம். ஆனால் எட்டரை லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். ஆறு லட்சம் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு கொடுக்கக் கூடாது.

இந்தக் கணக்கில் விட்டுப்போவது எப்போதும் ஹாஸ்டல்தான். கடிதத்தில் போட்டிருக்கும் ஹாஸ்டல் கட்டணம், இருப்பதிலேயே மலிவான அறைக்கு உரியது: நாலு பேர் தங்கும், ஏசி இல்லாத, பொதுக் குளியலறை உள்ள அறை. அந்த அறைகள்தான் முதலில் நிரம்பும். ஜூலையில் போய் நின்றால் "டூ ஷேரிங் ஏசி மட்டும்தான் இருக்கு" என்பார்கள், வித்தியாசம் ஆண்டுக்கு நாற்பது ஐம்பதாயிரம் வரலாம். மெஸ் தனியா, சேர்ந்ததா? பத்து மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? சலவைக்குத் தனிப் பணமா? அரசுக் கல்லூரி விடுதிகளில் பெரும்பாலும் டிவைடிங் சிஸ்டம் இருக்கும். மாதச் செலவைத் தலைக்கு வகுத்துப் போடுவார்கள், அதனால் தொகை மாதத்துக்கு மாதம் மாறும். சேரும்போது சொல்லும் எண்ணை நம்பாமல் அங்கே படிக்கும் சீனியரிடம் "போன மாதம் மெஸ் பில் எவ்வளவு?" என்று கேட்டால் சரியான எண் கிடைக்கும்.

விடுதிக் கட்டணம் வருடா வருடம் ஏறும். மேலே சொன்ன 1,20,000 ஆண்டுக்கு எட்டு சதவீதம் ஏறினால் நாலாம் ஆண்டில் 1,51,000 ஆகும். நாலு வருடத்தில் கூடுதலாக 61,000 போகும். டியூஷனும் ஏறுமா என்று கேளுங்கள். "ஃபீஸ் நாலு வருஷமும் ஃபிக்ஸ்டு" என்று வாயால் சொன்னால் போதாது. ஃபீஸ் ஸ்ட்ரக்சர் தாளில் நாலு ஆண்டுக்கும் எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்காலர்ஷிப் ரூபாயில் இருந்து டியூஷன் ஏறினால் ஏற்றம் முழுவதும் உங்கள் தலையில். ஸ்காலர்ஷிப் சதவீதத்தில் இருந்தால் ஏற்றத்தில் பாதி.

பேருந்தும் இப்படித்தான். ஸ்டாப்பைப் பொறுத்துக் கட்டணம் மாறும். சில கல்லூரிகளில் சொந்த வண்டியில் வர விடமாட்டார்கள், பேருந்து கட்டாயம். காலை ஆறரைக்கு ஏறி மாலை ஆறரைக்கு இறங்கும் தூரமாக இருந்தால், ஓரிரு செமஸ்டருக்குப் பிறகு பிள்ளை ஹாஸ்டல் கேட்பான். அந்தச் செலவையும் தாளில் ஒரு ஓரத்தில் எழுதி வையுங்கள்.

காஷன் டெபாசிட் திரும்பி வரும் பணம். அதைச் செலவில் சேர்க்க வேண்டாம், ஆனால் சேரும் நாளில் கையில் வேண்டிய பணத்தில் சேருங்கள். இந்த இரண்டு எண்ணும் வேறு. நாலு வருட மொத்தம் தாங்கக்கூடியதாக இருந்தும் சேரும் மாதத்தில் இரண்டே கால் லட்சம் ஒரே தவணையில் கேட்டால் நகை அடகுக்குப் போகும். தவணை எத்தனை, எந்தெந்த மாதம், தாமதித்தால் நாளுக்கு எவ்வளவு அபராதம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வருவதுதான் உண்மையில் குடும்பங்களைச் சாய்ப்பது: ஸ்காலர்ஷிப் நீடிக்க என்ன நிபந்தனை?

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், சிறிய எழுத்தில் இருக்கும். இருக்கவில்லை என்றால் கேட்டு வாங்க வேண்டும். வழக்கமாக மூன்று நிபந்தனைகள் வரும். சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்துப் பத்துக்குப் போடும் சராசரி) ஒரு அளவுக்குக் குறையக் கூடாது, எட்டு என்றோ எட்டரை என்றோ வைத்திருப்பார்கள். அரியர், அதாவது தேறாமல் நிற்கும் பாடம், இருக்கக் கூடாது. வருகைப் பதிவு குறையக் கூடாது. இதில் அரியர் நிபந்தனையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் ஆண்டில்தான் கணிதம், இயற்பியல், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் எல்லாம் வரும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை ஆங்கிலத்தில் எழுதப் பழகிக்கொண்டிருக்கும் நேரமும் அதுதான். பள்ளியில் 95 சதவீதம் வாங்கியவர்களும் அங்கே தடுக்கி விழுகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரே ஒரு அரியர் ஒன்றரை லட்ச ரூபாய்க்குச் சமமாகிவிடும் ஏற்பாட்டில் அந்தப் பிள்ளையை நாம் நிறுத்தியிருக்கிறோம்.

மேலே போட்ட கணக்கில் முதலாம் ஆண்டு முடிவில் ஸ்காலர்ஷிப் போய்விட்டால் மீதி மூன்று ஆண்டுக்கும் 1,50,000 கூடும். 12,25,000 என்பது 16,75,000 ஆகும். ஆகவே ஒவ்வொரு கல்லூரிக்கும் இரண்டு எண் எழுதுங்கள்: சலுகை கடைசிவரை நின்றால் எவ்வளவு, முதல் வருடத்தோடு போனால் எவ்வளவு. இரண்டாவது எண்ணையும் குடும்பம் தாங்குமா என்று பார்த்து முடிவெடுங்கள். தாங்காது என்றால் அந்த இடம் வேண்டாம் என்பதே என் கருத்து. நடுவில் விட்டுவிட்டு வருவதைப் போல விலை உயர்ந்தது வேறில்லை. கட்டிய பணமும் வராது, வருடமும் வராது.

அலுவலகத்தில் கேட்க வேண்டியவை: நிபந்தனை செமஸ்டருக்கு ஒரு முறை பார்க்கப்படுமா, ஆண்டுக்கு ஒரு முறையா? அரியரை அடுத்த தேர்விலேயே முடித்துவிட்டால் சலுகை திரும்ப வருமா, போனது போனதுதானா? சப்ளிமென்டரி எழுதிப் பாஸ் ஆனால் கணக்கில் எடுப்பார்களா? இரண்டாம் ஆண்டில் பிரிவு மாற்றிக்கொண்டால் சலுகை கூடவே வருமா? போன ஆண்டு இந்தச் சலுகையோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இன்னும் தொடர்கிறது? கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற அலுவலகத்தை நான் கூடுதலாக நம்புவேன். எந்தப் பதிலானாலும் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியிலிருந்து எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஏஜென்ட் அனுப்பிய படம் நாளைக்குச் செல்லாது.

இனி அரசு உதவிகள். இங்கே முக்கியமான ஒன்றைப் பலர் தாமதமாகத்தான் உணர்கிறார்கள்: பெரிய உதவிகள் சில, கவுன்சிலிங் மூலம் சேர்ந்தால்தான் கிடைக்கும். தனியார் பல்கலைக்கழகத்தின் ஐம்பது சதவீதத்தை எடுக்கும்போது அவற்றைக் கைவிடுகிறோம். அந்தத் தொகையும் அந்தப் பக்கத்துச் செலவுதான்.

முதல் பட்டதாரி சலுகைக்குச் சாதியும் வருமானமும் தடையில்லை. தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தவர் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்கு இல்லை. இ-சேவை வழியாக விண்ணப்பித்து வருவாய்த் துறையிடம் சான்றிதழ் பெற வேண்டும். கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்யும் நேரத்தில் ஓட ஆரம்பித்தால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். தேர்வு முடிந்த கையோடு போட்டுவிடுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-இல் கொண்டுவந்த சட்டத்தின்படி தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசு ஏற்கிறது. இந்தத் தகுதி உள்ள பிள்ளை ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் 75 சதவீதத்துக்கு மயங்கிப் போவதைப் பார்த்தால் மனசு கனக்கிறது. அங்கே 75 சதவீதம் போக மீதியும் ஹாஸ்டலும் கட்ட வேண்டும், இங்கே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அரசுப் பள்ளியிலிருந்து வரும் மாணவிக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். நாலு வருடத்துக்கு 48,000. ஊருக்கு வந்து போகும் செலவும் போன் ரீசார்ஜும் அதிலேயே கழியும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். மேனேஜ்மென்ட் கோட்டா சீட் இதற்குத் தடையாகலாம், அதனால் சேரும் முன்பே கல்லூரியின் ஸ்காலர்ஷிப் பிரிவில் கேட்டுவிடுங்கள். ஆதிதிராவிடர் திட்டத்தில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். இங்கே பணம் நின்றுபோகும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: கணக்கில் ஆதார் எண் கொடுத்திருப்பது வேறு, டிபிடிக்காக (அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வர) ஆதாரை இணைக்கும் ஆதார் சீடிங் செய்திருப்பது வேறு. பணம் சீடிங் ஆகியிருக்கும் கணக்குக்குத்தான் போகும். பள்ளிக் காலத்தில் திறந்து பல வருடம் தொடாமல் கிடக்கும் கணக்காக அது இருந்தால் பணம் அங்கே போய் நிற்கும், அல்லது திரும்பிவிடும். சேர்க்கைக்கு முன்பே வங்கிக்குப் போய், எந்தக் கணக்கு சீடிங் ஆகியிருக்கிறது, அது உயிரோடு இருக்கிறதா, ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இனிஷியல் தொல்லை தமிழ்நாட்டுக்கே உரியது. ஆதாரில் அப்பா பெயர் முழுசாகவும் சான்றிதழில் ஓரெழுத்தாகவும் இருந்தால் விண்ணப்பம் நிற்கும்.

மாணவிகளுக்கு, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇயின் பிரகதி திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள்வரை. மாற்றுத்திறனாளிகளுக்கு சக்ஷம். பிளஸ் டூவில் தம் போர்டில் மேல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகை முதல் மூன்று ஆண்டும் 12,000 வீதம், பி.இ., பி.டெக். நாலாம் ஆண்டில் 20,000. எல்லாமே தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில். ஆனால் இவற்றுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைக்காது. கணக்குத் தாளில் இவற்றுக்குப் பூஜ்ஜியம் என்றே போடுங்கள்; கிடைத்தால் அது மேல்வரவு. ஒன்றை வாங்கினால் இன்னொன்றை வாங்கக் கூடாது என்ற விதியும் சில திட்டங்களில் உண்டு. இரண்டையும் கூட்டிப் போட்டு ஏமாறாதீர்கள்.

கடன் வாங்கித்தான் கட்டப் போகிறோம் என்றால் தாளில் இன்னும் ஒரு வரி வேண்டும். கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்குமேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது உண்மை. வட்டி ஓடாது என்பது உண்மையல்ல. ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு லட்சம் வீதம் நாலு முறை வாங்குகிறீர்கள், பத்து சதவீதத் தனிவட்டி என்று வையுங்கள். முதல் இரண்டு லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, அடுத்ததுக்கு நாலு, பிறகு மூன்று, இரண்டு. கூட்டினால் 2,80,000. எட்டு லட்சக் கடன், தவணை தொடங்கும் நாளில் 10,80,000 ஆகியிருக்கும். பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் 14,270 ரூபாய் வரும். மொத்தம் பதினேழு லட்சத்தைத் தாண்டும். படிக்கும்போதே மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவந்தால் இந்த ஏற்றம் நிற்கும். அப்படிக் கட்டுவோருக்கு வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கும் வங்கிகளும் உண்டு.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரமோ பிரிவுக்கு என்பிஏ அங்கீகாரமோ இருந்தால், தவணை தொடங்கும்வரையான வட்டியை மத்திய அரசு ஏற்கும் மானியம் உண்டு. எட்டு லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் பத்து லட்சம் வரையான கடனுக்கு மூன்று சதவீத வட்டிச் சலுகை. ஆனால் அது பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில், தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்குத்தான். நீங்கள் பார்க்கும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதே இரண்டு கல்லூரிகளுக்கு நடுவே சில ஆயிரங்களை நகர்த்தும். வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்து மானியத்துக்குக் குறித்துக்கொண்டார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். கடன் வந்துவிட்டது என்று இருந்துவிட்டால் மானியம் வராமலே போகும்.

நன்கொடை என்று ரொக்கமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 1992 முதல் அதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. ரசீது இல்லாத பணத்துக்கு வங்கி கடன் தராது, சேராமல் விட்டால் அது திரும்பியும் வராது.

அந்த "வெள்ளிக்கிழமைக்குள்ள" விஷயத்துக்கு வருகிறேன். தனியார் பல்கலைக்கழகங்களின் கெடு ஏப்ரல், மே, ஜூனில் விழும். கவுன்சிலிங் பொதுப் பிரிவு சுற்றுகள் ஜூலைக்கு முன் வராது. கையில் இருப்பதை விட மனமில்லாமல் ஒரு லட்சம் கட்டி சீட் பிடித்து வைப்பார்கள். கட்டும் முன் கட்-ஆஃபைப் போட்டுப் பாருங்கள்: கணிதத்தை நூறுக்கும், இயற்பியல், வேதியியலை ஐம்பது ஐம்பதுக்கும் மாற்றிக் கூட்டினால் 200-க்கு ஒரு எண் வரும். முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்த வகுப்பினருக்கு எந்த கட்-ஆஃபில் முடிந்தது என்ற விவரம் கவுன்சிலிங் தளத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டைப் பார்த்தால் எது கிடைக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். நல்ல அரசுக் கல்லூரி உறுதியாகத் தெரிகிறபோது இந்த ஒரு லட்சம் தேவையே இல்லை.

கட்டியே ஆக வேண்டும் என்றால் திரும்பப் பெறும் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி வெளியிட்ட அளவு இது: சேர்க்கையின் அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்குப் பதினைந்து நாளுக்கு முன்பே விலகினால் முழுத் தொகை, அதில் ஐந்து சதவீதமோ 5,000 ரூபாயோ எது குறைவோ அதுவரை பிடிக்கலாம். கடைசி நாளுக்கு முந்தைய பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாளுக்குப் பிந்தைய பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, பிறகு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யுஜிசி இதைவிடத் தாராளமாகத் தனி அறிவிப்பும் விட்டிருக்கிறது. 2024-25-க்கு செப்டம்பர் 30 வரை முழுத் தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய் மட்டும் பிடித்தம் என்றார்கள். உங்கள் ஆண்டுக்கு என்ன அறிவிப்பு என்று யுஜிசி தளத்தில் பாருங்கள். அலுவலகம் "நான் ரீஃபண்டபிள்" என்று அச்சடித்த தாளைக் காட்டினாலும் விதி விதிதான். விலகல் கடிதத்தை மின்னஞ்சலில், தேதியோடு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், அவற்றை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமையில்லை என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. டிசியையும் மார்க் ஷீட்டையும் கொடுத்துவிட்டுக் கவுன்சிலிங் இடம் கிடைத்த பிறகு தவிப்பவர்கள் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

கூடுதல் எட்டு லட்சம் தகுமா என்ற கேள்விக்கு விளம்பரப் பலகையிலுள்ள "அதிகபட்ச சம்பளம்" பதில் சொல்லாது. அது ஒருவருக்குக் கிடைத்தது. தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப்பில் பங்கேற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தான் சமர்ப்பித்த விவரத்தைத் தன் தளத்தில் வைத்திருக்க வேண்டும். அதைத் திறந்து மூன்று எண்களை எடுங்கள்: குறித்த காலத்தில் பட்டம் முடித்தவர் எத்தனை, வேலைக்குப் போனவர் எத்தனை, அவர்களின் நடுநிலைச் சம்பளம் எவ்வளவு. நடுநிலை என்றால் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. இரண்டு கல்லூரிகளின் நடுநிலைச் சம்பளத்தில் ஆண்டுக்கு மூன்று லட்சம் வித்தியாசம் இருந்தால் எட்டு லட்சம் கூடுதல் செலவைப் பற்றி யோசிக்கலாம். முப்பதாயிரம்தான் வித்தியாசம் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. சேர்ந்தவர் எண்ணிக்கைக்கும் முடித்தவர் எண்ணிக்கைக்கும் பெரிய இடைவெளி இருந்தால் அந்த அரியர் நிபந்தனையை மறுபடி ஒருமுறை படியுங்கள்.

தாள் எல்லாம் எழுதி முடித்ததும் பிள்ளையையும் உட்கார வைத்துக் காட்டுங்கள். இரண்டு எண்ணையும் சொல்லுங்கள், ஸ்காலர்ஷிப் நின்றால் எவ்வளவு, போனால் எவ்வளவு என்று. பயமுறுத்துவதற்காக அல்ல. முதல் செமஸ்டரில் ஒரு பாடம் தடுமாறும்போது "அப்பாகிட்ட எப்படிச் சொல்றது" என்று மறைக்காமல், மறுதேர்வுக்குப் பணம் கட்டும் கடைசித் தேதிக்கு முன்பே போன் பண்ணுவார்கள். அந்தத் தேதியைத் தாண்டிவிட்டால் அரியர் அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிப்போகும், பல இடங்களில் சலுகையும் அதோடு போகும். சேர்ந்த வாரத்திலேயே கல்விக் காலண்டரை வாங்கி, அந்தத் தேதிகளையும் ஸ்காலர்ஷிப் புதுப்பிக்கும் தேதிகளையும் வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள்.